மன்னார் மணலின் செந்நிறம்

மன்னாரின் பழம்பெருமையைப் பேசப் புகுவோர் முத்தில் தொடங்கி முத்திலேயே முடித்துவிடுவது வழக்கம். அரிப்பும் சிலாவத்துறையும் முத்துக்குளிப்பால் புகழ்பெற்றவை. அதைப் பற்றி எழுதப்பட்ட நூல்களும் பல. சங்கும் திருக்கேதீச்சரமும் மாந்தைத் துறைமுகமும் பெருக்கு மரமும் அடுத்தடுத்து நினைவுக்கு வரும். ஆனால் இதே கரையின் மணலுக்கடியில் நூற்றாண்டுகளாகத் தோண்டி எடுக்கப்பட்டு, கண்டிக் கணக்கில் நிறுத்து, கப்பலேற்றப்பட்ட இன்னொரு செல்வம் உண்டு. அதற்கு ஒளியில்லை, மணமில்லை, பார்வைக்கு வெறும் நார்போன்ற வேர். அதன் பெயர் சாயவேர்.

இந்த வேரின் வரலாற்றை இன்று எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு பொருளின் தரம் அது விளையும் மண்ணாலும் நீராலும் காற்றாலும் தீர்மானிக்கப்படுகிறது என்ற கருத்து இப்போது உலக வணிகத்தில் பெரிதும் பேசப்படுகிறது. பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடியின் ஒரே இனம், அமெரிக்காவின் யாகிமாப் பள்ளத்தாக்கில் வளர்ந்தால் ஒருவகையாகவும் வேறு நாட்டில் வளர்ந்தால் வேறுவகையாகவும் அமைகிறது என்று இரசாயனக் கூடங்களில் அளந்து பார்க்கிறார்கள். நுவரெலியாத் தேயிலைக்கும் இரத்தினபுரித் தேயிலைக்கும் உள்ள வேறுபாட்டை நாம் நாவாலேயே அறிவோம். மன்னார்க் கரையிலும் தமிழகத்தின் கிழக்குக் கரையிலும் சாயத்தொழில் செய்தோர் இந்த உண்மையை ஆய்வுக்கூடம் எதுவுமின்றி அறிந்து வைத்திருந்தனர். அந்த அறிவுக்கு என்ன நேர்ந்தது, அதன் பயன் யாருக்குப் போனது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

செடியும் வேரும்

சாயவேர்ச் செடியைத் தமிழ் மருத்துவ நூல்கள் இம்பூறல் என்று வழங்கும். இரத்தம் கக்குவோருக்கு அது கைகண்ட மருந்து என்று சித்த மருத்துவர் போற்றுவர். தெலுங்கில் அதற்குச் சிரிவேர் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தாவரச் சொற்பட்டியல்களில் இராமேச்சுரம் வேர் என்ற பெயரும் காணப்படுகிறது. விளையும் இடமே பெயராகிவிட்டதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு. ஆங்கிலேயர் 'சே ரூட்' என்று எழுதியது நம் 'சாயம்' என்ற சொல்லின் திரிபே. தாவரவியலார் இதனை ஓல்டன்லாண்டியா அம்பெல்லாட்டா என்பர். வில்லியம் றொக்ஸ்பரோ 1795இல் வெளியிடத் தொடங்கிய சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய பெருநூலில், முதல் சில படங்களிலேயே இச்செடிக்கு இடம் கொடுத்தார். கம்பனியின் கண்ணில் அதற்கு எவ்வளவு மதிப்பிருந்தது என்பதை அதிலிருந்தே உணரலாம்.

தரையோடு படர்ந்து, வெண்ணிறச் சிறு பூக்கள் பூக்கும் எளிய செடி இது. காப்பி, நுணா, மஞ்சிட்டி ஆகியவை சேர்ந்த அதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவின் புகழ்பெற்ற சிவப்புச் சாயச் செடியான மேடரும் இதற்கு உறவு. கடலை அடுத்த, ஈரமற்ற, இலகுவான மணல்நிலத்தில் தானே முளைக்கும். இரண்டு ஆண்டுகள், அருமையாக மூன்று ஆண்டுகள் உயிர்வாழும். சாயம் இருப்பது வேரின் மேற்பட்டையில்.

மன்னார்த் தீவின் நிலத்தோற்றத்தை அறிந்தவர்களுக்கு இச்செடி அங்கே செழித்ததில் வியப்பிராது. தலைமன்னார் முதல் மன்னார் நகர்வரை ஏறத்தாழ 26 கிலோமீற்றர் நீளத்துக்கு நீண்டுகிடக்கும் மணற்றீவு அது. மணலோடு மணலாகச் சிப்பியும் சோகியும் நொறுங்கிக் கலந்து கிடக்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார் வழியே புத்தளம்வரை செல்லும் கரையோரத்தின் அடியில் சுண்ணாம்புக்கற் பாறை படிந்திருக்கிறது. மழை குறைவு, வெயில் மிகுதி, காற்று ஓயாது. நெல்லுக்கு ஏற்ற நிலமன்று. ஆனால் சாயவேருக்கு இதுவே ஏற்ற நிலம்.

ஒரே செடி, வெவ்வேறு சிவப்பு

சாயவேரைப் பற்றி எழுதிய பழைய ஐரோப்பியர் அனைவரும் ஒரு செய்தியைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். எல்லா இடத்து வேரும் ஒன்றன்று என்பதே அது. பதினேழாம் நூற்றாண்டில் கோல்கொண்டா நாட்டில் வணிகம் செய்தோர், கிருஷ்ணை ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிய நிஜாம்பட்டினப் பகுதியில் கிடைத்த வேரை உயர்த்திப் பேசினர். மசூலிப்பட்டினத்துச் சீத்தைத் துணி உலகப் புகழ் பெற்றதற்கு அந்த வேர் ஒரு காரணம். தெற்கே வந்தால் இராமேச்சுரத்து வேர். பாக்கு நீரிணையைத் தாண்டினால் மன்னார் வேரும் யாழ்ப்பாணத்து வேரும்.

அடுத்தது, விதைத்து வளர்த்த வேருக்கும் காட்டில் தானே விளைந்த வேருக்கும் உள்ள வேறுபாடு. 1832இல் வெளிவந்த மக்கல்லக்கின் வணிக அகராதி இதனைத் தெளிவாகச் சொல்கிறது. பயிரிட்ட வேர் மெலிந்தது. ஓர் அடி முதல் இரண்டு அடிவரை நீளமானது. தானே விளைந்தது குட்டையானது. ஆயினும் அதில் நாலிலொரு பங்கு சாயம் கூடுதலாகவும் மேலான தரத்திலும் இருக்கும் என்று கருதப்பட்டது. பார்வைக்குக் குறைந்தது பயனில் மிகுந்திருந்தது.

இதற்கான காரணத்தை இன்றைய தாவர இரசாயனம் ஓரளவு விளக்கும். செடிகள் தம் வளர்ச்சிக்கு நேரடியாகத் தேவைப்படாத பல பொருள்களையும் உண்டாக்குகின்றன. சாயம், கசப்பு, மணம், நஞ்சு எல்லாம் இவ்வகையைச் சேர்ந்தவை. தண்ணீர்ப் பஞ்சம், உப்புக்காற்று, கடுவெயில், மண்ணின் சத்துக்குறைவு ஆகியவற்றுக்கு ஏற்ப இவற்றின் அளவும் விகிதமும் மாறும். ஹாப்ஸ் பூவின் எண்ணெய்க்குப் பொருந்தும் இந்த விதி சாயவேருக்கும் பொருந்தும். மேலும், வேரிலுள்ள சாயம் வயதோடு சேர்ந்து பெருகுவது. வளமான மண்ணில் விரைந்து நீண்ட வேரைவிட, வறண்ட மணலில் மெல்ல முதிர்ந்த குட்டை வேர் சாயத்தில் செறிந்திருப்பது இயல்பே.

சுண்ணாம்பின் இரகசியம்

இனி மண்ணுக்கு வருவோம். சாயவேரின் சிவப்புக்குக் காரணமான பொருள் அலிசரின். பிரான்சைச் சேர்ந்த றொபிக்கே, கொலின் என்ற இருவர் 1826இல் மேடர் வேரிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். அலிசரின் தனியே பருத்தி இழையில் நிற்காது; ஓர் அலசலில் போய்விடும். துணியை முதலில் படிகாரக் கரைசலில் ஊறவைத்தால், படிகாரத்திலுள்ள அலுமினியம் இழையில் பற்றும். பிறகு அலிசரின் அந்த அலுமினியத்தைப் பற்றிக்கொள்ளும். படிகாரத்துக்குப் பதில் இரும்புக் கரைசலைப் பயன்படுத்தினால் அதே வேர் ஊதாவையும் கருமையையும் தரும்.

ஆனால் அலுமினியம் மட்டும் போதாது. நல்ல, நிலைத்த, ஒளிவிடும் சிவப்புக்கு மூன்றாவதாக ஒரு கூட்டாளி வேண்டும். அது கல்சியம், அதாவது சுண்ணாம்பின் உலோகம். அலிசரினும் அலுமினியமும் கல்சியமும் ஒன்றாகப் பிணைந்த கூட்டே துருக்கிச் சிவப்பு என்று உலகம் வியந்த நிறம். அலிசரினுக்குக் கல்சியத்தின்மீது இருக்கும் ஈர்ப்பு எத்தகையது என்பதை வேடிக்கையான ஒரு நிகழ்ச்சி காட்டிற்று. ஜோன் பெல்ச்சியர் என்ற இலண்டன் அறுவை மருத்துவர், துணிக்கு அச்சிடும் தொழில் நடத்திய ஒருவரின் வீட்டு விருந்தில் பன்றி இறைச்சி உண்டார். எலும்புகள் சிவந்திருந்தன. மேடர்ச் சாயமேற்றிய துணியைத் துப்புரவாக்கப் பயன்பட்ட தவிட்டை அப்பன்றிகள் தின்றிருந்தன என்பது பிறகு தெரிந்தது. சாயம் உடலெங்கும் ஓடிப்போய், கல்சியம் நிறைந்த எலும்பிலே குடியேறியிருந்தது. 1736இல் அவர் இதனை எழுதி வெளியிட்டார். எலும்பு வளரும் விதத்தை ஆராய்வோருக்கு இச்செய்தி புதுவழி திறந்தது.

நீரின் கதை இன்னும் பொருத்தமானது. ஹவுஸ்மன் என்ற சாய வல்லுநர் பிரான்சின் றூவான் நகரில் மேடர் வேரால் அருமையான சிவப்பை உண்டாக்கி வந்தார். 1770களில் அவர் அல்சாஸ் பகுதியிலுள்ள கொல்மார் நகருக்கருகே தொழிலை மாற்றினார். அதே வேர், அதே படிகாரம், அதே கை. சிவப்பு மட்டும் வரவில்லை. தேடிப் பார்த்ததில், றூவான் நீரில் சுண்ணாம்பு கலந்திருந்ததும் புதிய ஊரின் ஆற்றுநீர் சுண்ணாம்பற்ற தூயநீராக இருந்ததும் புலனாயின. சாயத்தொட்டியில் அவர் சீமைச்சுண்ணாம்பைச் சேர்த்தார். சிவப்பு திரும்பி வந்தது. நீர் மிகத் தூயதாக இருந்ததே குறையாகிவிட்டது!

மண்ணுக்கும் இதே விதி. அவிஞ்ஞோன் நகரைச் சூழ்ந்த சதுப்பு நிலங்கள் சுண்ணாம்பு மிக்கவை. அங்கு விளைந்த மேடர் வேர் தன்னோடு சுண்ணாம்பையும் சுமந்து வந்தது. அதனால் சாயத்தொட்டியில் தனியே சுண்ணாம்பு சேர்க்கத் தேவையில்லை. அல்சாஸ் வேருக்குச் சேர்த்தே ஆகவேண்டும். ஐரோப்பியச் சந்தையில் இரண்டும் இரண்டு பெயரில், இரண்டு விலையில் விற்கப்பட்டன.

இந்த விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம் கரையைப் பாருங்கள். கிருஷ்ணைக் கழிமுகத்தின் வேர் சிறந்திருந்ததற்கு, அந்த மணலில் மக்கிக் கலந்த கடற்சிப்பிகளின் சுண்ணாம்பே காரணம் என்று துணி வரலாற்று ஆய்வாளர் கருதுகின்றனர். இராமேச்சுரத்துக்கும் மன்னாருக்கும் அதே நியாயம் பொருந்துகிறது. சிப்பி நொறுங்கிய மணலில் வேர்விட்டு, சுண்ணாம்புப் பாறையில் ஊறிய கிணற்று நீரில் வேகவைக்கப்பட்ட சாயம், தேவையான மூன்றாவது கூட்டாளியைத் தன் ஊரிலேயே பெற்றுக்கொண்டது. முத்தைத் தந்த சிப்பியும் சிவப்புக்குத் துணைநின்ற சிப்பியும் ஒரே கடலின் பிள்ளைகள்.

கைகள் அறிந்திருந்தவை

நம் சாயக்காரர் கல்சியம் என்ற பெயரை அறியார். ஆனால் எந்த ஊர் வேர், எந்தக் கிணற்று நீர், எந்த மாதத்து வெயில் என்று பார்த்துப் பார்த்துத் தொழில் செய்தனர். துணியைச் சாணநீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்தி வெளுப்பார்கள். பிறகு கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்ப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு அலுமினியத்தை இழையில் நிறுத்தும். பாலின் கொழுப்பு நிறம் பரவாமல் காக்கும். படிகாரம் இட்ட இடத்தில் மட்டும் சிவப்பு ஏறும். இதன்பின் வேரை இடித்துப் பொடியாக்கி நீரிலிட்டு, துணியோடு மெல்லச் சூடேற்றுவார்கள். ஒரு நாளில் முடியும் வேலையன்று, நாட்கணக்கில் நீளும்.

இயேசு சபைத் துறவி கர்தூ, தென்னிந்தியாவில் கிறித்தவராகிய சாயத்தொழிலாளரிடம் கேட்டறிந்து, 1742இல் எழுதிய கடிதத்தில் இந்த முறைகளைப் படிப்படியாக விவரித்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு பியூலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் இதே வேலையை நேரில் கண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டுத் துணியை வெட்டி எடுத்துச் சென்றார். இவையெல்லாம் வெறும் ஆர்வத்தால் செய்யப்பட்டவை அல்ல. இந்தியச் சீத்தைத் துணி ஐரோப்பிய நெசவாளரின் பிழைப்பைக் கெடுக்கிறதென்று பிரான்ஸ் 1686இலும் இங்கிலாந்து 1701, 1721 ஆகிய ஆண்டுகளிலும் தடைச்சட்டம் இயற்றியிருந்தன. தடுத்தும் தீராத ஆசையை உள்நாட்டு உற்பத்தியால் தீர்க்கவேண்டிய நிலை அவர்களுக்கு. அதற்கு இந்தியாவின் இரகசியம் வேண்டியிருந்தது.

இத்தொழிலின் தொன்மைக்கும் சான்று உண்டு. புதுச்சேரிக்கருகே அரிக்கமேட்டில் 1945இல் அகழாய்வு செய்த மோர்ட்டிமர் வீலர், அங்கு வெளிப்பட்ட செங்கல் தொட்டிகள் துணிக்குச் சாயமேற்றப் பயன்பட்டிருக்கலாம் என்று கருதினார். சீத்தையின் வரலாறு ஐரோப்பியர் வருகையோடு தொடங்கியதன்று.

ஏகபோகம்

மன்னாரைப் போர்த்துக்கேயர் 1560இல் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். 1658இல் அது ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி மன்னாரை யாழ்ப்பாணத் தளபதியின் ஆட்சிக்குட்படுத்தியது. நாகபட்டினத்திலும் பழவேற்காட்டிலும் துணி வாங்கிய அதே கம்பனிக்கு, சாயவேர் கிடைக்கும் மணலும் சொந்தமாயிற்று. யாழ்ப்பாணத் தளபதியாக இருந்து, பின்னாளில் பத்தாவியாவில் பெருந்தேசாதிபதியாக உயர்ந்த ஹென்ட்ரிக் ஸ்வார்தக்றோன் 1697இல் எழுதிவைத்த நினைவுக்குறிப்பில், யானை, முத்து, பனை ஆகியவற்றோடு சாயவேரும் கம்பனியின் அக்கறைக்குரிய பொருளாக இடம்பெற்றிருக்கிறது.

வேர் தோண்டும் வேலை எல்லோருக்கும் உரியதன்று. அதற்கென்றே குறிக்கப்பட்ட ஒரு பிரிவினர் மட்டுமே தோண்டலாம். உரிமை என்று இதைச் சொல்வதைவிடக் கட்டாயம் என்று சொல்வதே பொருந்தும். தோண்டியதை வேறு யாருக்கும் விற்க முடியாது. விலையைப் பேச முடியாது.

1795இல் மன்னார் ஆங்கிலேயர் வசமானது. கொடி மாறிற்று, ஏற்பாடு மாறவில்லை. இலங்கைச் சுங்கத் துறையில் உயர்பதவி வகித்த அன்ரனி பேட்டோலாச்சி 1817இல் வெளியிட்ட நூலில் இதன் கணக்கைத் தருகிறார். தோண்டுவோருக்கு ஒரு கண்டி வேருக்கு 75 முதல் 80 இறைசால்வரை அரசு கொடுத்தது. அதையே ஏற்றுமதிக்கு ஏறத்தாழ 175 இறைசாலுக்கு விற்றது. ஒரு கண்டி என்பது ஏறக்குறைய 500 இறாத்தல். மெல்லிய நார்போன்ற வேரில் 500 இறாத்தல் சேர்க்க எத்தனை செடிகளைப் பிடுங்கவேண்டும், கொதிக்கும் மணலில் எத்தனை நாட்கள் குனிந்து நிற்கவேண்டும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். அந்த உழைப்புக்குக் கிடைத்ததைவிடக் கூடுதலான தொகை, வேரை நிறுத்துக் கைமாற்றியதற்காகவே அரசின் பெட்டிக்குப் போயிற்று.

இதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. காட்டுவேர் பயிரிட்ட வேரைவிட மேலானது என்று அறியப்பட்டிருந்தது. அந்த மேன்மை மணலிலிருந்து வந்தது; எந்த இடத்து மணலில் எந்த வயதுச் செடியைத் தோண்டவேண்டும் என்ற அறிவு தோண்டுவோரிடம் இருந்தது. விலை மட்டும் இரண்டுக்கும் வெளியே தீர்மானிக்கப்பட்டது.

கப்பலேறித் தோற்ற வேர்

சாயவேரை ஐரோப்பாவுக்கே கொண்டுபோய் மேடருக்குப் போட்டியாக நிறுத்தலாமா என்று ஆங்கிலேயர் முயன்று பார்த்தனர். முயற்சி வெற்றிபெறவில்லை. நிலைத்த நிறங்களைப் பற்றி 1794இல் பெருநூல் எழுதிய எட்வேர்ட் பாங்க்றொஃப்ட், நீண்ட கடற்பயணத்தில் வேர் கெட்டுவிடுகிறதோ என்று ஐயுற்றார். இந்த பாங்க்றொஃப்ட் அமெரிக்க விடுதலைப் போரின்போது இரு பக்கத்துக்கும் உளவு பார்த்தவர் என்பது சுவையான துணைச்செய்தி. சாயவேர் செய்யும் எதனையும் மேடர் இன்னும் மலிவாகச் செய்துவிடும் என்பது அவர் முடிவு. வேர் இடத்தை அடைக்கும் சரக்கு. கப்பற்கூலியே அதை விழுங்கிவிடும்.

ஐரோப்பியச் சாயத்தொட்டியில் வேர் சோபிக்காததற்கு அது ஊர் மாறியதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நான் கருதுகிறேன். கரையோரக் கிணற்று நீரும் கடுக்காயும் எருமைப்பாலும் வெயிலும் சேர்ந்த ஒரு முழு ஏற்பாட்டிலிருந்து வேரை மட்டும் பிரித்தெடுத்துக் கொண்டுபோனார்கள். ஹவுஸ்மனுக்குக் கொல்மாரில் நேர்ந்தது இந்த வேருக்கும் நேர்ந்திருக்கக்கூடும்.

வேரின் உள்ளடக்கம் முறையாக ஆராயப்பட்டது மிகவும் காலம் கடந்து. லீட்ஸ் நகரிலிருந்த யோர்க்ஷயர் கல்லூரியின் ஹம்மலும் ஏ. ஜி. பேர்க்கினும் 1893இலும் 1895இலும் வெளியிட்ட ஆய்வுகளில், சாயவேரில் அலிசரினும், சர்க்கரையோடு பிணைந்த அதன் முன்வடிவமும், உறவான வேறு சில பொருள்களும் இருப்பதைக் காட்டினர். மேடரில் அலிசரினோடு சேர்ந்துவரும் பேர்ப்புரின் என்ற மற்றொரு சிவப்பு இதில் இல்லை. இந்த வேறுபாடு இன்று அருங்காட்சியகங்களுக்குப் பேருதவியாக இருக்கிறது. ஒரு பழந்துணியின் நூலிழையைச் சோதித்து, பேர்ப்புரின் இல்லாத அலிசரின் தென்பட்டால், அது சாயவேரால் சிவந்தது என்று பெரும்பாலும் துணிய முடிகிறது. ஏட்டில் பெயர் எழுதப்படாத வேர், துணியில் தன் கையெழுத்தை விட்டுச் சென்றிருக்கிறது.

ஆனால் அந்த ஆய்வு வெளிவந்தபோது போட்டி முடிந்துவிட்டிருந்தது. 1868இல் ஜெர்மனியைச் சேர்ந்த கிறேபேயும் லீபர்மனும் நிலக்கரித் தாரிலிருந்து அலிசரினை உண்டாக்கிக் காட்டினர். 1869 யூன் மாதம் அவர்கள் சார்பில் ஓர் உரிமப் பத்திரமும், இலண்டனில் வில்லியம் பேர்க்கின் சார்பில் இன்னொன்றும் ஒரே நாள் இடைவெளியில் தாக்கலாயின. சாயவேரை ஆராய்ந்த பேர்க்கின் இவருடைய மகன். தந்தை எதனை வழக்கொழியச் செய்தாரோ அதனையே மகன் ஆராய்ந்து எழுதினார்!

தொழிற்சாலை அலிசரினுக்கு மண்ணில்லை, பருவமில்லை, வயதில்லை. எந்த நாட்டில் செய்தாலும் ஒன்றே. சில ஆண்டுகளில் பிரான்சின் மேடர் வயல்கள் வெறுமையாயின. மதுரையில் சிவப்புச் சாயத்துக்குப் பெயர்போன சௌராட்டிரச் சாயக்காரரும் ஜெர்மன் அலிசரினுக்கு மாறினர். மன்னார் மணலில் வேர் தோண்டும் வேலையும் பொருளிழந்து மறைந்தது.

பெயர் பெற்றவர்களும் பெறாதவர்களும்

அவிஞ்ஞோன் பகுதியில் மேடர்ப் பயிரைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பரப்பியவர் ஜான் அல்தென் என்ற ஆர்மீனியர். அவர் வறுமையில் இறந்தாலும், அந்தச் சதுப்புநிலத்து ஊருக்கு அவர் பெயரையே பின்னாளில் சூட்டினார்கள். பிரெஞ்சுப் படைவீரருக்குச் சிவப்புக் காற்சட்டை வழங்கி, அந்த வேருக்கு அரசே சந்தை அமைத்துக் கொடுத்தது. மன்னாரில் வேர் தோண்டியோருக்கு அரசு அமைத்துக் கொடுத்தது ஒரே ஒரு வாடிக்கையாளரை, அதுவும் தன்னையே. மசூலிப்பட்டினம் என்றால் கலம்காரி, சென்னை என்றால் மதராஸ் கைக்குட்டை என்று துணிக்கு ஊர்ப்பெயர் நிலைத்தது. வேர் தந்த ஊரின் பெயர் எந்தத் துணியிலும் ஒட்டவில்லை.

இன்று இப்பெயர்களுக்குச் சட்டப்படியான மதிப்பு உண்டு. மசூலிப்பட்டினக் கலம்காரிக்கும் மதுரைச் சுங்குடிக்கும் இந்தியாவில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டுள்ளது. இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அத்தகைய ஏற்பு அளித்தது. இக்குறியீட்டின் அடிப்படைத் தத்துவம் என்ன? ஒரு பொருளின் குணம் அதன் நிலத்திலிருந்து வருகிறது. ஆகவே அதன் பெயரும் பயனும் அந்நிலத்து மக்களுக்கு உரியவை. மன்னாரின் வேர் தோண்டுவோர் கைகளில் இந்தத் தத்துவத்தின் முற்பாதி இருந்தது. பிற்பாதி அவர்களுக்கு ஒருபோதும் கிட்டவில்லை.

இயற்கைச் சாயங்களை மீண்டும் நாடும் காலம் இது. தமிழகத்தில் சாயவேர்ச் செடியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, வேரிலுள்ள சாயப்பொருளைப் பெருக்கும் முயற்சிகள் நடந்து அறிவியல் இதழ்களில் வெளியாகியுள்ளன. நல்ல முயற்சிதான். ஆயினும் கண்ணாடிக் குடுவையில் வளரும் வேர் எந்தக் கடற்கரையையும் சேர்ந்ததன்று. சிப்பி மணலில் இரண்டாண்டு முதிர்ந்த காட்டுவேரை எடுத்து, கரையோரக் கிணற்று நீரில் சாயமேற்றி, மற்ற இடத்து வேரோடு ஒப்பிட்டு அளக்கும் ஆய்வை நம் பல்கலைக்கழகங்கள் எடுத்துச் செய்யவேண்டும். ஹாப்ஸ் கொடிக்கு மேலைநாட்டார் செய்வதை நம் வேருக்கு நாம் செய்யலாகாதா?

அதற்கு அந்த மணல் இருக்கவேண்டும். போர் பல பத்தாண்டுகள் மன்னாரைத் தின்றது. 2015இல் தலைமன்னாருக்கு மீண்டும் இரயில் வந்தது. 2020இன் இறுதியில் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் மின்சாரம் தரத் தொடங்கின. கரைமணலில் கலந்திருக்கும் இல்மனைட் கனிமத்தின்மேல் வெளிநாட்டு நிறுவனங்களின் பார்வை விழுந்தது. 2025 ஓகஸ்ட்டில் புதிய காற்றாலைகளையும் கனிம மணல் அகழ்வையும் எதிர்த்து மன்னார் மக்கள் வீதிக்கு வந்தனர். தங்கள் மீன்பிடிப்பும் நிலத்தடி நீரும் பனைகளும் என்னவாகும் என்று அவர்கள் கேட்டார்கள்.

மின்சாரம் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. கனிமத்துக்கு விலை இல்லையென்றும் சொல்லவில்லை. ஆனால் மன்னார் மணலை வெளியிலிருந்து வந்தவர்கள் நிறுத்து விலைபேசுவது இது முதல்முறையன்று. ஒல்லாந்தர் கணக்கிலும் ஆங்கிலேயர் கணக்கிலும் அந்த மணல் எவ்வளவு தந்தது என்று எழுதப்பட்டிருக்கிறது. அம்மணலில் குனிந்து நின்றவர்களுக்கு எஞ்சியது என்ன என்பதற்குக் கண்டிக்கு 75 இறைசால் என்ற ஒற்றை வரியே சான்றாக நிற்கிறது. இப்போது எழுதப்படும் கணக்கிலாவது அந்த வரி சற்று நீளமாக இருக்கவேண்டும்.